பச்சைக்குள் காணாமல் போன மாங்காய்கள்

1

கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு கம்பளி நூல் பின்னுகிறேன் என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. "அங்கயும் வெயிலு நம்மூரு மாதிரிதான அடிக்குது? யாருக்கு ஸ்வெட்டரு, ஃபேனுக்கா?" என்று கேட்டான் ஈரோட்டிலிருக்கும் என் அண்ணன். நியாயமான கேள்விதான். இங்கே இரண்டே பருவங்கள். மழை பெய்கிற வெயில்காலம், மழை பெய்யாத வெயில்காலம். ஏசியைப் போட்டுக்கொண்டு மடியில் கம்பளியைப் பரப்பி உட்கார்ந்திருப்பேன். என் மகள் இனியா கடந்துபோகும்போது, "மா, உனக்குக் குளிருதுன்னா ஏசிய நிறுத்தலாம் லா" என்பாள். அந்த 'லா' இந்த ஊர்ப் பேச்சின் வால். பதினைந்து வயது. எல்லாவற்றுக்கும் ஒரு சுலபமான தீர்வு வைத்திருக்கிற வயது.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. பதினொரு வருடங்களுக்கு முன்னால் என் கணவரின் வேலை அனுமதியோடு ஒட்டிக்கொண்டு வந்தவள் நான். அதில் குத்தியிருக்கும் முத்திரையின் சாரம் இதுதான்: இந்த அம்மாள் இங்கே இருக்கலாம், சாப்பிடலாம், வேலை மட்டும் பார்க்கக் கூடாது. ஈரோட்டில் அப்பாவின் ஜவுளிக்கடையில் வளர்ந்தவள் நான். தினமும் நூறு சேலையை விரித்து மடித்த கைக்கு, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் மூன்று பேர் துணியை மட்டும் மடிக்கக் கொடுத்தால் எப்படிப் போதும்? ஊசியை எடுத்துவிட்டேன்.

அப்பாவின் கடையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே யாராவது 'சிவப்புச் சேலை' என்றால் அப்பாவுக்கு முகம் மாறிவிடும். என்ன சிவப்பு? அரக்கா, குங்குமமா, செங்கல்லா, மாதுளையா? பேர் சொல்லத் தெரியாத நிறத்தை எங்கள் வீட்டில் யாரும் உடுத்தியதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் என் கணவர் தண்டபாணி. பங்சாரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வழக்குப் பார்க்கிறார். அவருடைய ரசனையைப் பற்றி நான் ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். இங்கே ஒவ்வொரு தீபாவளிக்கும் கடையில் கொஞ்ச நேரம் காணாமல் போவார். திரும்பி வரும்போது கையில் ஒரு சேலை இருக்கும். அப்பாவே எழுந்து நின்று பாராட்டக்கூடிய நிறச் சேர்க்கை.

இந்தப் பெருமையெல்லாம் போன மழைக்காலத்தில் ஒரு குழந்தைப் போர்வையால் கலைந்தது.

2

என் தங்கை கோத்தகிரியில் பள்ளி ஆசிரியை. கல்யாணமாகி வெகு நாள் கழித்து உண்டாகியிருந்தாள். அங்கே குளிர் நிஜம். ஆகவே என் வாழ்க்கையில் முதல்முறையாக, நான் பின்னுவது ஒருவருக்குத் தேவைப்பட்டது. வளைகாப்புக்குப் போகும்போது கையோடு ஒரு போர்வை கொண்டுபோய்க் கொடுப்பதென்று முடிவு செய்தேன். அதுவும் கையால் சாயம் போட்ட நூலில்.

கடையில் அடுக்கியிருக்கும் நூல், சீருடை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. வரிசையாக, ஒரே மாதிரி நிற்கும். கையால் சாயம் போட்டது அப்படியில்லை. ஒரே சிட்டாவில், அதாவது முறுக்கிக் கட்டிய ஒரே நூல் கற்றையில், ஓரிடம் வெளுத்திருக்கும், ஓரிடம் ஆழ்ந்திருக்கும். அதே சாயம், அதே பானை, அதே கை. ஆனாலும் அடுத்த வாரம் அதே நிறம் வராது. பிடித்தால் அப்போதே எடுத்துக்கொள்ள வேண்டும். பெண் பார்க்கிற மாதிரி, 'வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்' என்று வந்துவிடக் கூடாது.

அந்த நூலுக்கு நான் போகிற இடம் கிள்ளான். அங்கே சரோஜா அக்கா தன் வீட்டின் பின்பக்கம் அடுப்பு வைத்துச் சாயம் போடுகிறார். கேரி தீவு எஸ்டேட்டில் பிறந்து, நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசலில் கால் வைத்ததுமே, "வாங்க விஜி, பசியாறியாச்சா?" என்பார். இந்த ஊருக்கு வந்த புதிதில் யாரோ இப்படிக் கேட்டபோது, என்னைப் பார்த்தால் பட்டினி கிடப்பவள் மாதிரி தெரிகிறதா என்று கோபித்துக்கொண்டு வந்திருக்கிறேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதுதான் கேள்வி என்று தெரிய ஒரு மாதம் ஆனது.

சரோஜா அக்கா தன் நிறங்களுக்குத் தானே பெயர் வைப்பார். ஒரு பழுப்புக்குத் தே தாரேக், அதாவது இந்த ஊர் ஆற்றிய பால் தேநீர். ஒரு ரோஜா நிறத்துக்குப் பண்டோங் என்கிற ரோஜாப் பால். ஒரு மங்கலான சாம்பலுக்கு 'வீட்டுக்காரர் மூஞ்சி'.

"குழந்தைக்கா? வெள்ளை எடுக்காதீங்க. ஒரு வாந்தி எடுத்துச்சுன்னா எல்லாம் தே தாரேக்தான்."

நான் எடுத்தது இரண்டு. ரம்புத்தான் என்ற சிவப்பு, வாழையிலை என்ற பச்சை. பச்சையில் சிவப்பு மாங்காய்கள் வரும்படி, இரண்டு நூலையும் ஒரே வரிசையில் மாற்றி மாற்றிப் பின்னுவது என் திட்டம். அக்கா இரண்டு சிட்டாவையும் கையில் வாங்கி ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார்.

"ரெண்டையும் சேர்த்தா?"

"ஆமாக்கா. பச்சை உடம்புக்கு அரக்குக் கரை. எங்கப்பா கடையில அப்படி எத்தனை சேலை வித்திருக்கோம் தெரியுமா?" என்று ஆரம்பித்து, நிறங்களைப் பற்றி அவருக்கு நான் ஒரு வகுப்பே எடுத்தேன். ஐந்து பானையில் தினமும் நிறம் காய்ச்சுகிறவருக்கு.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி லா. நீங்க ஜவுளிக்கடை ஃபேமிலி. நான் என்னத்த சொல்ல?" என்று பையில் போட்டுக் கொடுத்தார்.

3

போர்வை ஒரு முழம் வளர்ந்திருந்தது. சாயங்காலம், வெளியே நல்ல மழை. தண்டபாணி அலுவலகத்திலிருந்து நனைந்து வந்து, தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். நான் பின்னியதைச் சோபாவின் முதுகில் விரித்துப் போட்டேன்.

"எப்படிங்க இருக்கு?"

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். தொட்டுப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார்.

"ரொம்ப நல்லாருக்கு விஜி. டிசைன் கிசைன்னு போடாம ப்ளெயினா விட்டியே, அதுதான் அழகு."

முதலில் கிண்டல் என்றுதான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. உண்மையான, அன்பான, முழுப் பாராட்டு.

"ப்ளெயினா? ரெண்டு டஜன் மாங்காய் இருக்குங்க இதுல!"

"ஓ... ஆமாமா. மாங்காய். தெரியுது தெரியுது."

"எங்க இருக்கு, ஒண்ணு காட்டுங்க."

விரல் போர்வையின் மேல் கொஞ்ச தூரம் அலைந்தது. பிறகு தைரியமாக ஓரிடத்தில் நின்றது. வெறும் பச்சை.

மூலையில் கைப்பேசியோடு சுருண்டிருந்த இனியா தலையைத் தூக்கினாள். "அப்பா, போதும் லா. ஜஸ்ட் டெல் ஹெர்." பிறகு என் பக்கம் திரும்பி, நாளைக்குப் பள்ளி விடுமுறை என்று சொல்கிற குரலில் சொன்னாள். "மா, அப்பாவுக்கு ரெட்டும் க்ரீனும் ஒண்ணுதான். வித்தியாசம் தெரியாது."

நான் சிரித்தேன். மறைத்து எழுத என்ன இருக்கிறது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சோபாவில் சரிந்து சிரித்தேன். அப்பாவின் கடை, முப்பது வகைச் சிவப்பு, அந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை! நிறுத்தவே முடியவில்லை. அவரும் கொஞ்சம் சிரித்தார். சிரித்துக்கொண்டே பால்கனிக்குப் போய்விட்டார். போனவர் திரும்பி வரவில்லை.

எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் ரயில் பாதை தெரியும். அங்கே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"கோபமா?"

"கோபமெல்லாம் இல்ல. சிரிப்பாங்கன்னுதான் யார்கிட்டயும் சொல்லல."

பிறகு, திருமணமாகி இருபது வருடம் கழித்து, நான் கேள்விப்படாத ஒன்றைச் சொன்னார். படிப்பு முடித்ததும் ரயில் ஓட்டுகிற வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறார். ஊரில் இனிப்புக்கூடக் கொடுத்துவிட்டார்கள். பாக்கி இருந்தது கண் பரிசோதனை மட்டும்.

"புள்ளி புள்ளியா ஒரு படம். அதுக்குள்ள நம்பர் இருக்கும், படிக்கணும். எனக்கு முன்னாடி நின்னவன் கடகடன்னு படிச்சுட்டுப் போறான். எனக்கு வெறும் புள்ளிதான். டாக்டர் பக்கத்தைத் திருப்பிக்கிட்டே இருக்காரு. நானும், சரி, அடுத்ததுல வரும், அடுத்ததுல வரும்னு பாத்துக்கிட்டே இருக்கேன். புத்தகம் முடிஞ்சுபோச்சு."

அதுவரை தன் கண்ணில் இப்படி ஒன்று இருப்பது அவருக்கே தெரியாதாம். ஊரில் கேட்டவர்களிடம் அவர் அம்மா, "வடக்க எங்கயோ போட்டாங்க, நான்தான் அனுப்ப மாட்டேன்னுட்டேன்" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். மகனிடம் ஒரே ஒரு கட்டளை: யாரிடமும் வாயைத் திறக்காதே. அடுத்த வருடமே ஜவுளிக்கடை வீட்டிலிருந்து ஜாதகம் வந்தது.

"பொண்ணு பாக்க வந்தப்ப நான் கட்டியிருந்த சேலை?"

"என்ன கலருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"கத்தரிப்பூ."

"சரி" என்றார், நான் ஏதோ விலாசம் சொன்னதுபோல.

4

இரண்டு நாள் நான் சரியாகப் பேசவில்லை. அவர் மேல் இருந்த கோபம் மழையோடு போய்விட்டது. நின்றது மகள் மேல் இருந்த கோபம்.

"உனக்கு எப்பருந்துடி தெரியும்?"

"ஸ்டாண்டர்ட் ஒன்."

கலரிங் வீட்டுப்பாடம் செய்தபோது அப்பாவிடம் இலைக்குப் பச்சை கேட்டிருக்கிறாள். அவர் பழுப்பை எடுத்துக் கொடுத்திருக்கிறார். மறுபடி கேட்டால் ஆரஞ்சு. ஏழு வயதுப் பிள்ளை பேசாமல் ஒவ்வொரு க்ரேயானிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறாள். அப்போதே இருவருக்கும் ஒப்பந்தம்: அம்மாவிடம் சொல்லக் கூடாது.

அதன் பிறகு எனக்கு ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பித்தது. ஒருமுறை விசா புதுப்பிக்கக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போயிருந்தோம். நீலம் அல்லது கறுப்பு மையில் நிரப்ப வேண்டிய படிவம். இவர் மகளின் பென்சில் பெட்டியிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, வீட்டிலேயே முத்து முத்தாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் படிவத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"என்சிக், இனி ஊங்கு லா."

ஐயா, இது ஊதா என்று சொல்லியிருக்கிறார்; ஊங்கு என்றால் ஊதா. எனக்கு அது அன்று தெரியாது. என் காதில் 'ஊருது' என்று விழ, காலடியில் குனிந்து பூச்சி தேடினேன். அந்தக் களேபரத்தில், 'பேனா நீலம்தானே' என்று இவர் முணுமுணுத்தது என் காதில் சரியாக ஏறவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினோம். அவசரத்தில் தப்பான பேனாவை எடுத்துவிட்டார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் விளங்கியது. அதைக் கேட்கத்தான் வாய் வரவில்லை. கடைசியில் கேட்டுவிட்டேன்.

"அப்ப, தீபாவளிச் சேலையெல்லாம்?"

இனியா கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான்தான். அப்பா போட்டோ எடுத்து அனுப்புவாரு. நான் பக்கத்துக் கடையில இருந்து எது ஓகேன்னு டைப் பண்ணுவேன். சின்னதுல கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்."

நான் ஊரெல்லாம் பேசிய அந்த ரசனை இவளுடையது. இந்தப் பெண்ணைப் பற்றி என் தங்கையிடம் எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன்! தமிழ் மறந்துபோகிறது, கறுப்புச் சட்டையைத் தவிர வேறொன்றும் போடுவதில்லை, சேலை என்றாலே முகத்தைச் சுளிக்கிறாள், நம்மிடமிருந்து எங்கேயோ விலகிப் போகிறாள் என்று. விலகிப் போகிறவள் வருடா வருடம் எனக்குச் சேலை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அரக்குக்கும் மாதுளைக்கும் அவளுக்குப் பெயர் தெரியாது. ஆனால் எது எனக்குப் பொருந்தும் என்று தெரிந்திருக்கிறது.

"உனக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல மா. உன்னத்தான டெய்லி பாக்கறேன்."

அதோடு என் கோபம் முடிந்தது. அவள் போர்வையைப் பார்த்துவிட்டு, "பட் அப்பா சொன்னது ஹாஃப் கரெக்ட்" என்றாள். கைப்பேசியில் போர்வையைப் படமெடுத்து, நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கிக் காட்டினாள். மாங்காய்கள் இல்லை. ஒன்றுகூட இல்லை. ஒரே சாம்பல். சிவப்பும் பச்சையும் வேறு வேறு நிறங்களாக இருந்தாலும், அடர்த்தியில் இரட்டைப் பிள்ளைகளாக இருந்திருக்கின்றன.

5

அந்தச் சனிக்கிழமை மூன்று பேருமாகக் கிள்ளானுக்குப் போனோம். வளைகாப்புக்கு அதிக நாள் இல்லை. பின்னியதை முழுவதும் பிரித்துவிட்டிருந்தேன்.

சரோஜா அக்கா இனியாவின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "அன்னிக்கே சொல்லலாம்னு பார்த்தேன் விஜி. நீங்க எங்க பேச விட்டீங்க?" பிறகு, "பிறந்த குழந்தைக்கு முதல்ல கலரு சரியாத் தெரியாது லா. வெளிச்சமும் இருட்டும்தான் தெரியும். வார்டுல எத்தனை பார்த்திருக்கேன்" என்றார்.

"அப்படின்னா எங்க வீட்டுல ஒருத்தர் இருக்காரு" என்று நான் தண்டபாணியை முன்னால் தள்ளினேன். "இன்னிக்கு இவரு எடுக்கட்டும்."

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். நூல் கடைகளில் எப்போதும் அப்படித்தான் நிற்பார். கூச்சம் என்று நினைத்திருந்தேன். எதையும் தொட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற ஜாக்கிரதை. "நான் எதையாவது எடுத்து நீ சிரிக்கவா?"

"சிரிப்பேன். நீங்களும் சிரிங்க."

மெல்லக் கையைப் பிரித்தார். மேசையில் கிடந்த சிட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெயர்களைக் கேட்கவே இல்லை. இதைவிட இது வெளுப்பு, இது அதைவிட இருட்டு, இது நடுவில் மட்டும் கலங்கியிருக்கிறது என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். கடைசியில் இரண்டைத் தேர்ந்தெடுத்தார். வெண்ணெய் மாதிரி ஒரு வெளிர் மஞ்சள். நல்ல அடர்ந்த ஊதா.

"கத்தரிக்காய் சாம்பார்" என்றேன்.

"பாத்தியா, சிரிக்கற."

எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தபோது ஊதாவை மெல்ல நகர்த்திவிட்டு, அதே அடர்த்தியாக எனக்குத் தோன்றிய ஓர் அரக்கை அந்த இடத்தில் வைத்தேன். எப்படியும் இவருக்கு இரண்டும் ஒன்றுதானே! அவர் திரும்பினார். அரக்கை எடுத்தார்.

"இது நான் எடுத்ததில்ல. இது கொஞ்சம் வெளுப்பு."

இனியா உடனே படமெடுத்துப் பார்த்தாள். வெளுப்புத்தான். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஜவுளிக்கடை வீட்டுப் பெண்ணான நான் தலை குனிந்து ஊதாவை எடுத்துப் பையில் போட்டேன்.

திரும்பி வரும் ரயிலில், இனியா காதில் பாட்டை மாட்டிக்கொண்ட பிறகு, அவரிடம் கேட்டேன். "இவ வளர்றதுக்கு முன்னாடியெல்லாம், ஒவ்வொரு சேலைக்கும் நல்லாருக்கு, இல்ல வேண்டாம்னு கரெக்டாச் சொல்லுவீங்களே, அது எப்படி?"

"கட்டிட்டுக் கண்ணாடி முன்னாடி போய் நிப்ப. திரும்பிப் பாப்ப. ஒரு தடவை திரும்பினா உனக்கே பிடிக்கலைன்னு அர்த்தம். நாலு தடவை திரும்பினா, 'இது ரொம்ப நல்லாருக்கு'ன்னு சொல்லிடுவேன்."

"அடப்பாவி" என்றேன். எதிரில் உட்கார்ந்திருந்த சீனப் பாட்டி எங்களைப் பார்த்து எதற்கோ சிரித்தார்.

6

வளைகாப்புக்குப் போய் வந்தோம். பெண் குழந்தை பிறந்தது. என் தங்கை, போர்வையில் கிடக்கும் குழந்தையின் படத்தை எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோபியிலிருந்து என் மாமியார் கூப்பிட்டார்.

எங்கள் பேச்சு எப்போதும் அளவானது. சாப்பிட்டியா, மழை பெய்யுதா, பாப்பா படிக்கறாளா. இருபது வருடமாக அவர் என்னிடம் ஓர் அடி தள்ளித்தான் நின்றார். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் துணி எடுக்க அவரே போவார், மகனைக் கடை வாசலுக்குக்கூட விடமாட்டார். எல்லாம் தன் கைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர் என்று நான் தங்கையிடம் குறை சொன்னதுண்டு.

"போர்வை நல்லாருக்குது கண்ணு. மஞ்சளும் ஊதாவும் பளிச்சுனு இருக்குது. நீதான எடுத்த?"

"இல்லீங்க அத்தை. உங்க மகன்தான் எடுத்தாரு."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. தூரத்தில் அவர் வீட்டுக் குக்கர் விசிலடிப்பது கேட்டது.

"எனக்குத் தெரியுங்க அத்தை" என்றேன்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"இப்பத்தான். மழைக்காலத்துல."

"இத்தன நாளும் பயந்துட்டே கெடந்தேன் கண்ணு."

"எதுக்குங்க அத்தை? நான் விட்டுட்டுப் போயிருவன்னா?"

"அதெல்லாம் போக மாட்டீன்னு தெரியும். நீ சிரிச்சுருவியோன்னுதான். ஜவுளிக்கடை வீட்டுப் பொண்ணு. எம் பையன் அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்து வந்து நின்ன மூஞ்சி எனக்குத்தான தெரியும்."

பொய் சொல்ல வரவில்லை. "சிரிச்சேனுங்க அத்தை. ரொம்ப சிரிச்சேன். அப்பறம் அவரும் சிரிச்சாரு."

"அவனா? சிரிச்சானா?"

"இப்பெல்லாம் அவரே சொல்லிச் சிரிக்கறாரு."

அவர் குரல் இறங்கி, ரகசியம்போல வந்தது. "அப்படீன்னா ஒண்ணு சொல்றேன் கேளு. அவனுக்குப் பத்து வயசிருக்கும். மாட்டுப் பொங்கலுக்கு எருதுக் கொம்புக்கு வண்ணம் அடிச்சுட்டு வாடான்னு விட்டேன். ஒரு கொம்புக்குச் சிவப்பு, ஒரு கொம்புக்குப் பச்சை அடிச்சு, ஊரைச் சுத்தி ஓட்டிட்டு வந்துட்டான். குறும்புக்குப் பண்ணுனான்னுதான் அன்னிக்கு நெனச்சோம். தேர்தல் நேரம் வேற! ஊரே வாசல்ல வந்து நின்னு, உங்க எருது எந்தக் கட்சீன்னு..."

அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இருபது வருடத்தில் அவர் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்கும் தாங்கவில்லை.

சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த தண்டபாணி கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "யாரோட இப்படிச் சிரிச்சுட்டிருக்க?"

"உங்கம்மாவோட."

"எங்கம்மா சிரிக்குதா?"

ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவர் பக்கம் நீட்டினேன்.